நிதானத்துக்கு நுழைவுத் தேர்வு

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை உருப்படுமா உருப்படாதா என்பதை அதன் பதினோராவது வயதில், மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் வைத்துத் தீர்மானித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தாலும் அது விதியோடு போடும் வீண் சண்டைதான். இதை நான் இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், என் பிள்ளைகள் படித்து முடித்து வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். இல்லாவிட்டால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.

அந்த வியாழக்கிழமைக்குக் 'கணித வழித்தட மாலை' என்று பெயர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் வந்து, சின்னப் பிள்ளைகளுக்கான முக்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்காருவார்கள். வருகிற ஆண்டு பிள்ளை வேக வகுப்புக்குப் போவதா, சாதாரண வகுப்புக்குப் போவதா என்பதுதான் பேச்சு. சாதாரணம் என்று சொன்னால் யார் மனதாவது புண்படும் என்று அந்த வகுப்புக்கு 'உறுதி அடித்தள வழித்தடம்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஊரில் அப்படி யாரும் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்தி, 'அந்த வகுப்பு' என்பார்கள்.

என் பக்கத்து வீட்டு வெண்டல் ஹேட்சும் அவன் மனைவி ஜோலீனும் அந்த ஆண்டு போயிருந்தார்கள். வெண்டல் வீடுகளைச் சூடாக்கும் எந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். ஓஹையோ குளிரில் அவனுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஜோலீன் பல் மருத்துவரிடம் உதவியாளர். ஒரே மகள் கோரா.

கோரா மக்கு இல்லை. எதையும் மெல்ல மெல்ல, அடி முதல் நுனி வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். மூன்றாம் வகுப்பில் ஒரு நிமிடத்தில் ஒரு பக்கம் பெருக்கல் கணக்குப் போட வேண்டும் என்று வாரா வாரம் போட்டி வைத்தார்கள். அந்த நாளில் அவள் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். அன்றிலிருந்து கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை அது. அந்தப் பயம் போக வேண்டும், மகள் கணக்கோடு நிம்மதியாக இருக்க வேண்டும், இதைத் தவிர வெண்டலுக்கு வேறு ஆசை கிடையாது.

கணித வழித்தட இயக்குநர் டாக்டர் வாண்டர்மியர் மேடை ஏறினார். கணக்கில் டாக்டர் இல்லை, வழித்தடத்தில் டாக்டர்.

“ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். எங்க கல்வி மாவட்டத்துல எல்லா வழித்தடமும் சமம். ஒசத்தி, மட்டம்னு கிடையவே கிடையாது. அதனாலதான் ஒசத்தியான வழித்தடத்துல எடம் ரொம்பக் கம்மியா இருக்கு. உங்க பிள்ளை தேர்வுல வரலேன்னா தயவுசெஞ்சு வருத்தப்படாதீங்க. வருத்தப்படுற பெற்றோருக்குப் பின்னாடி தனி வரிசை இருக்கு.”

எல்லாரும் கை தட்டினார்கள். வெண்டல் மட்டும் கையைத் தூக்கினான்.

“மேடம், வேக வகுப்புல போனா எங்க போய்ச் சேருவாங்க?”

“பன்னெண்டாம் வகுப்புல கால்குலஸ் முடிச்சுடுவாங்க.”

“சரி. அப்புறம்?”

“நல்ல காலேஜ்ல எடம் கிடைக்கும்.”

“அங்க என்ன படிப்பாங்க?”

டாக்டர் வாண்டர்மியர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தன் காலணியைப் பார்த்தார். “முதல் வருஷம் கால்குலஸ்தான்,” என்றார் இயக்குநர். “ஆனா அப்ப அது அவங்களுக்குப் பழக்கமா இருக்கும்.”

தேர்வு முடிவு வந்தபோது கோராவுக்கு வேக வகுப்பு கிடைக்கவில்லை. நேரம் முடிந்து மணி அடிக்கும்போது அவள் பாதிதான் முடித்திருந்தாள். போட்டவரை அத்தனையும் சரி. ஆனால் எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தேறவில்லை என்றால் பெற்றோர் 'மீறல் மனு'வில் கையெழுத்துப் போடலாம். 'பள்ளியின் கருத்தை மதிக்கிறோம், ஆனால் ஏற்கவில்லை' என்று அதில் இருக்கும். கையெழுத்து விழுந்த மறுநிமிடம் தேறாத பிள்ளை தேறின பிள்ளை ஆகிவிடும். பிறகு எதற்குத் தேர்வு வைக்கிறார்கள் என்று கேட்கிறவனை ஊரில் பொறாமைக்காரன் என்பார்கள்.

அந்த ஏப்ரல் மாதம் ஜோலீன் பட்ட அவஸ்தையைச் சொல்லி மாளாது. பல் மருத்துவரிடம் வருகிற தாய்மார்கள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, கையெழுத்துப் போட்டாயிற்றா என்று சைகையில் கேட்டார்கள். சனிக்கிழமை பிள்ளைகள் கால்பந்து ஆடுகிற மைதானத்தில், மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த பெட்ஸி கார்மைக்கேல் அவளைப் பிடித்துக்கொண்டாள். பெட்ஸிக்குப் பிரெஸ்டன் என்று ஒரு மகன். அவனும் தேறவில்லை.

“நான் முதல் நாளே போட்டுட்டேன் ஜோலீன். நீ இன்னும் போடலையா? ஐயோ, பரவால்ல, பரவால்ல. எல்லாருமா பெரிய ஆளாகணும்? சில பேருக்குச் சந்தோஷம்தான் முக்கியம்.”

ஜோலீன் வீட்டுக்கு வந்து மனுவை வெண்டலின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எல்லாரும் போட்டுட்டாங்க வெண்டல். நாளைக்கு இவ நம்மளப் பாத்து, ஏம்மா எனக்கு மட்டும் போடலைன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“இப்பவே அவளையே கேட்டுப் பாரேன்.”

கோரா சாப்பாட்டை மென்றபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம், “ஆரம்பிச்சதை முடிக்க விடுவாங்களே, அது எந்த வகுப்பு?” என்று கேட்டாள்.

மனு கடைசித் தேதி தாண்டும்வரை குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டு இருந்தது. ஜோலீன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பேனாவை எடுத்து, திரும்ப வைத்தாள். பால் எடுக்கக்கூட வெண்டலைத்தான் அனுப்பினாள்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. ஊரில் மற்ற எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தர் விடாமல். உறுதி அடித்தள வழித்தடத்தில் மிஞ்சியது கோரா மட்டும்.

ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பா என்று அதை மூடியிருக்கலாம். ஆனால் எல்லா வழித்தடமும் சமம் என்று கல்விக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. வகுப்பை மூடினால் சமமில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அதற்கு ஓர் அறையும் ஓபர் என்கிற ஆசிரியரும் ஒதுக்கப்பட்டார்கள். ஓபர் ஒரு கூட்டத்தில், பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று யாராவது பார்த்தீர்களா எனக் கேட்டுவிட்டார். அதற்கான தண்டனை அந்த வகுப்பு.

முதல் வாரம் ஜோலீன் தினமும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் வாரம் கோரா சாப்பாட்டு மேசையில் பேச ஆரம்பித்தாள்.

“அப்பா, பின்னத்தால வகுக்கும்போது அதைத் தலைகீழாத் திருப்பிப் பெருக்குறோமே, ஏன்னு தெரியுமா?”

“தெரியாதும்மா. திருப்பச் சொன்னாங்க, திருப்பினோம்.”

“மிஸ்டர் ஓபரும் அதையேதான் சொன்னாரு. இத்தனை வருஷமா சொல்லிக் குடுத்தேன், யாரும் என்னைக் கேட்டதில்லன்னாரு. ரெண்டு பேருமா கண்டுபிடிக்கப் போறோம்.”

இரண்டு வாரம் கண்டுபிடித்தார்கள். வீட்டில் ஒரு பீட்சா முழுசாக வட்டமாக உண்ணப்பட்டதில்லை. அரையில் கால் எத்தனை, முக்காலில் அரைக்கால் எத்தனை என்று வெட்டி வெட்டிப் பார்த்தாள். வெண்டல் எந்திரங்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பின்னங்களை யோசித்தான். காலையில் சாப்பிட்டது கோராவின் வயிற்றிலேயே தங்கியது. சந்தோஷம் என்றால் அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம். வேலி ஓரம் நின்றால் எனக்கே கேட்கும்.

அந்தப் பக்கம் வேக வகுப்பில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லாரும் வேகம் என்றால் யாருக்கு என்ன பெருமை? ஆகவே 'அதிவேகம்' பிறந்தது. அதற்கும் மீறல் மனு வந்தது. எல்லாரும் அதிலும் ஏறவே, 'அதிவேகச் சிறப்பு' பிறந்தது. நாளுக்கு ஓர் அத்தியாயம். உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் வீட்டில் இருந்த பிள்ளை திரும்பி வந்தபோது எதிர்மறை எண்கள் முடிந்து போயிருந்தன. அதன் தாய், பரவாயில்லை, அதை எட்டாம் வகுப்பில் இன்னும் வேகமாக நடத்துவார்கள் என்று சமாதானம் சொன்னாள்.

அக்டோபரில் தீயணைப்பு ஒத்திகை வந்தது. மணி அடித்ததும் எல்லா வகுப்பும் வெளியே வந்து புல்வெளியில் ஆசிரியர் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். பெட்ஸி அன்று பள்ளியில் தன்னார்வ உதவிக்கு வந்திருந்தாள். வேக வகுப்புகளின் வரிசைகள் புல்வெளியைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, கார் நிறுத்துமிடம் வரை நீண்டன. அந்தப் பக்கம் மேப்பிள் மரத்தடியில் ஓபர் நின்றார். அவர் பின்னால் ஒரே ஒரு சிறுமி. இருவரும் உதிர்ந்த இலைகளைப் பார்த்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெட்ஸி தன் மகனின் வரிசையைப் பார்த்தாள். பிறகு மரத்தடியைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

“ஒரு பொண்ணுக்கு ஒரு வாத்தியாரா!” என்று அந்தச் சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில் அவள் போட்ட சத்தத்தில் ஆட்டம் நின்றது. “நம்ம வரிப்பணம்! நம்ம பிள்ளைங்க சந்தைல நிக்கிற மாதிரி நிக்குதுங்க, அங்க ராஜகுமாரிக்குத் தனி வகுப்பு! ஜோலீன், நீ அமுக்கமா இருந்து காரியத்தைச் சாதிச்சுட்ட பாத்தியா?”

வாழ்க்கையில் முதல்முறையாக ஜோலீனைப் பார்த்து ஊர் பொறாமைப்படுகிறது. அதை அனுபவிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கல்விக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒலிபெருக்கி முன் மூன்று நிமிடம் பேசலாம். பெட்ஸி மூன்று நிமிடத்தில் இரண்டை மூக்கைச் சிந்தியே கரைத்தாள். “எங்க பிரெஸ்டன் பிறவியிலேயே மெதுவான பிள்ளைங்க. காலைல ஒரு சாக்ஸ் போட அரை மணி நேரம். இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு அவனை வேக வகுப்புல தள்ளிட்டீங்களே! கையெழுத்துப் போடும்போது எங்களை யாருமே தடுக்கலையே!”

டாக்டர் வாண்டர்மியர் உருக்கமாக எழுந்தார். “உங்க வலி எங்களுக்குப் புரியுது. நாங்க எப்பவுமே பெற்றோர் சொல்றதைக் கேக்குறவங்க. எங்களுக்குன்னு சொந்தமா ஒரு கருத்து இருந்ததே இல்ல. இன்னிலேர்ந்து அந்த வகுப்புக்கு 'ஆழ்ந்த நிதான வழித்தடம்'னு பேரு. ஆனா நிதானம்ங்கிறது எல்லாருக்கும் வந்துடாது. அதுக்குத் தகுதி வேணும். தகுதியைக் கண்டுபிடிக்க நுழைவுத் தேர்வு வைக்கிறோம். எல்லாரும் எழுதணும், ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்களும். சமத்துவம்னா சமத்துவம்.”

அடுத்த வாரமே கடைத்தெருவில் டியூஷன் கடைக்காரர் புதுப் பலகை மாட்டினார்: 'நிதானம்: தீவிரப் பயிற்சி. விரைவில் பலன்.' ஊரின் கார்களெல்லாம் அங்கே நின்றன. பிள்ளைகளுக்கு மோவாயில் கை வைக்கவும், கூரையைப் பார்க்கவும், குறித்த இடைவெளியில் பெருமூச்சு விடவும் கற்றுக்கொடுத்தார்கள். பெருமூச்சைச் சீக்கிரம் விட்டுவிடுகிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தனி வகுப்பு.

ஜோலீன் மறுபடியும் நிலைகொள்ளாமல் தவித்தாள். வீட்டுக்குள் ஒரு பாத்திரத்தை ஓரிடத்தில் வைத்து, எடுத்து, வேறிடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நாமளும் சேத்துவிடலாம் வெண்டல்.”

“எதுக்கு? அவ அங்கதானே இருக்கா?”

“இருக்கிறதாலதான் பயமா இருக்கு. கோரா, இங்க வாம்மா. பரீட்சைல சீக்கிரம் முடிச்சுடாத, என்ன?”

“பதில் தெரிஞ்சா?”

“தெரிஞ்சாலும் கொஞ்ச நேரம் முழிச்சுக்கிட்டு இரு.”

“அது பொய் இல்லையாம்மா?”

ஜோலீன் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் கோராவின் தலையைத் தடவி, “உனக்குத் தோணுறதை எழுது,” என்றான். இதைவிடப் பெரிய தப்பை எங்கள் ஊரில் ஒரு தகப்பன் செய்துவிட முடியாது.

தேர்வில் ஒரே ஒரு கேள்வி. 'பின்னத்தால் வகுக்கும்போது அதை ஏன் தலைகீழாகத் திருப்புகிறோம்? விளக்குக.'

அரங்கம் முழுக்கப் பெருமூச்சு எழுந்தது. கண்காணிப்பாளர்கள் நடந்து நடந்து பெருமூச்சுகளைக் குறித்துக்கொண்டார்கள். கோரா கேள்வியைப் படித்தாள், சிரித்தாள், எழுத ஆரம்பித்தாள். ஒரு பீட்சா வரைந்தாள், வெட்டிக் காட்டினாள், விளக்கினாள். அது போதாதென்று இன்னொரு வழியிலும் விளக்கினாள். பக்கத்தில் பிரெஸ்டன் மோவாயில் கை வைத்தபடி தூங்கிப்போயிருந்தான்.

முடிவு வந்தது. பிரெஸ்டன் மாவட்டத்திலேயே முதலிடம். வெற்றுத் தாள் கொடுத்திருந்தான். 'முடிவுகளுக்கு அவசரப்படாத அபூர்வ மனம்' என்று எழுதியிருந்தார்கள். கோராவுக்கு வந்த கடிதத்தில், 'அவசரப் போக்கு காணப்படுகிறது. அதிவேகச் சிறப்பு வகுப்பில் திங்கட்கிழமை முதல் சேர்க்கப்படுகிறாள். வாழ்த்துகள்' என்று இருந்தது.

கோரா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “நான் தப்பா எழுதிட்டேனாப்பா?” என்றாள். வெண்டல் வேலை உடையோடே வண்டியை எடுத்துக்கொண்டு கல்வி மாவட்ட அலுவலகத்துக்குப் போனான்.

டாக்டர் வாண்டர்மியர் எழுந்து கை குலுக்கினார். “வாங்க வாங்க. ரொம்பப் பெருமையான விஷயம்.”

“மேடம், என் பொண்ணுக்கு அந்த வகுப்புதான் வேணும். அங்கதான் அவளுக்குக் கணக்கு பிடிச்சிருக்கு.”

“பிடிக்கிறது வேற, பொருந்துறது வேற. அவ விடையை உடனே எழுதிட்டாளே.”

“அதைத்தான் ரெண்டு வாரமா படிச்சா! மெதுவாப் படிச்சதாலதான் அவளுக்குத் தெரியுது!”

“பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. தெரிஞ்சுக்கிட்டா. தெரிஞ்சுக்கிட்ட பிள்ளையை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? தெரியாத பிள்ளைங்க எத்தனை பேர் வெளிய காத்திருக்காங்க!”

“சரி, அந்த மீறல் மனுவைக் குடுங்க. போட்டுடுறேன்.”

“அது மேல ஏறுறதுக்குத்தாங்க. வேகத்துலேர்ந்து நிதானத்துக்குப் போறது எறங்குறதாச்சே.”

“இப்ப நிதானம்தானே ஊர்லயே ஒசத்தி?”

“ஆமா. அதனாலதான் எடமில்ல.” அவர் வெண்டலின் தோளைத் தட்டிக்கொடுத்தார். “எங்களைப் பொறுத்தவரைக்கும் எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான் மிஸ்டர் ஹேட்ச். தனித்தனியா யாரையும் நாங்க பாக்குறதே இல்ல.”

அந்த அறையிலும் குளிர். மூலையில் எந்திரம் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெண்டல் அதைப் பார்த்தான், எனக்கென்ன என்று வெளியே வந்துவிட்டான். அவன் வாழ்நாளில் பழுதான எந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்தது அந்த ஒரு முறைதான் என்று என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது, எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

ஓபரின் அறையில் இப்போது நாற்காலி போதவில்லை. பிள்ளைகள் நிதானத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பெற்றோர் வாரா வாரம் அறிக்கை கேட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே தேர்வு. வழியில் கோராவைப் பார்த்தால் ஓபர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், அதற்குள் அவரை யாராவது பெற்றோர் மறித்துக்கொள்வார்கள்.

அதிவேகச் சிறப்பு வகுப்பில் முதல் நாள் கோரா கையைத் தூக்கி, ஏன் என்று கேட்டாள். ஆசிரியை பாவம், நல்ல பெண்தான். “கண்ணு, ஏன்ங்கிறது நிதான வழித்தடத்துப் பாடம். நமக்கு எப்படிங்கிறது மட்டும்தான்,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். மறுநாளும் கேட்டாள். அந்த வாரம் முழுக்கக் கேட்டாள். அப்புறம் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் தவித்தாள், பிறகு பழகிவிட்டது. வேகமும் வந்தது. பனி உருகுகிற சமயத்தில் எல்லாத் தேர்விலும் முழு மதிப்பெண். ஜோலீன் வேலை செய்யும் இடத்தில் தாய்மார்கள் வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டே அவளைப் பாராட்டினார்கள். அவளும் சிரித்தாள், சிரித்தாக வேண்டுமே.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கோரா தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சில் நிற்காமல் ஓடியது. வெண்டல் எட்டிப் பார்த்தான். ஆண்டுத் தேர்வுக்காக, வகுப்பு எப்போதோ முடித்துவிட்ட எதிர்மறை எண்களைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஆவல் வந்துவிட்டது. அவளோடு சேர்ந்து அவனுக்கும் ஒட்டிக்கொண்ட வியாதிதானே அது.

“ஏம்மா, மைனஸை மைனஸால பெருக்கினா ப்ளஸ் வருதே, அது ஏன்?”

பென்சில் ஒரு கணம் நின்றது. ஜோலீன்கூடக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

கோரா நிமிர்ந்தாள். கோபமில்லை, அலுப்பில்லை. ஒன்றும் தெரியாத குழந்தைக்குச் சொல்வது போல மிகவும் அன்பாகச் சொன்னாள்:

“அது பரீட்சைல வராதுப்பா.”

பக்கத்தைத் திருப்பினாள்.